ஒரு தட்டு என்றால் ஆமாம்

கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே படிந்திருந்த தூசியை ஊதலாம் என்று குனிந்தேன். குனிந்து, உதட்டைக் குவித்து, நெஞ்சை நிரப்பிக்கொண்டு ஊதிய பிறகுதான் நினைவு வந்தது, என் வாயில் காற்று கிடையாது. காற்று கழுத்திலிருக்கும் துளை வழியாக, அதை மறைத்துக் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியைத் தள்ளிக்கொண்டு, சட்டைக் காலருக்குள் போய்விட்டது. தூசி இருந்த இடத்திலேயே இருந்தது. குரல்வளையை எடுத்து இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது, உதடு மட்டும் இன்னும் நம்ப மறுக்கிறது. சூடான காபியைக் கண்டால் குவிகிறது, வீட்டு ஜெபத்தில் மெழுகுவர்த்தியைக் கண்டால் குவிகிறது. மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனிலிருந்து செலின், "அப்பா, தூசி நிறைய இருக்கா? மூக்குல துணிய கட்டிக்கங்க" என்றாள். பிறகு நிறுத்தினாள். ஓசூரில் அவள் உட்கார்ந்திருக்கும் அறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. "சாரிப்பா. கழுத்துத் துணிய நல்லா நனைச்சுக் கட்டிக்கங்க. உள்ள தூசி போயிரப் போவுது." நான் மேஜையில் ஒரு தடவை தட்டினேன். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. அவள்தான் காலையில் இந்த ஏற்பாட்டைச் சொன்னாள். கை இரண்டும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும்போது போனில் டைப் அடிக்க முடியாது, அவள் கேள்வியை மட்டும் ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்பாள், நான் தட்டுவேன். என் மகளோடு நான் நடத்தும் உரையாடல் இந்த அளவுக்கு வந்து நிற்கிறது. மழைக்கு ஒதுங்கியவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. தட்டுவதும் ஒரு பேச்சுதான் என்று பிலோமினா சொல்வாள், என் பிலோ, இப்போது அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறவள். துருவுகிற சத்தம் கேட்கிறது. என்ன கறி என்று தெரியாது. மூக்குக்கும் காற்று போவதில்லையே, வாசனை எப்படித் தெரியும், உலை கொதித்துக் கருகினாலும் எனக்குத் தெரியாது, கண்ணுக்குப் புகை வந்தால்தான் உண்டு.

இந்தக் கம்ப்யூட்டர்தான் என் குரல். அப்படித்தான் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், "அப்பாவோட குரல் ரூம்ல இருக்கு" என்று. செலின் காலேஜில் படிக்கும்போது வாங்கியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அவள் லீவு போட்டுவிட்டு ஒரு மைக்கோடு வந்தாள், ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள், என்னை இதே நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொன்னாள். தண்ணி வேணும். உட்காருங்க. போதும். மாத்திரை சாப்பிட்டாச்சு. பிலோ, இங்க வா. மழை வரும்போல. அப்போதே குரல் கரகரத்துத்தான் இருந்தது, கழுத்துக்குள் யாரோ மணல் போட்டு அரைக்கிற மாதிரி, ஆனாலும் அது என் குரல், டிரைவிங் ஸ்கூலில் இருபத்தைந்து வருஷம் 'கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா, மெதுவா' என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். திரையில் கட்டம் கட்டமாக வாக்கியங்கள், ஒரு கட்டத்தைத் தொட்டால் நான் பேசுவேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி ஒன்று இருக்கிறது, கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வரும், தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு பேசுவதுபோல. ஒரு நாள் அதை வைத்து ஜெபம் சொன்னேன், பிலோ எழுந்து போய்விட்டாள், அழுவதற்காகத்தான் போனாள் என்று தெரியும், அதன்பிறகு அது இழுப்பறையில் கிடக்கிறது. போனிலேயே எல்லாவற்றையும் போட்டுத் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று செலின் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். கொண்டுபோனால் வெளியே போக வேண்டும். வெளியே போனால் டீக்கடையில் நிற்க வேண்டும், கோயில் வாசலில் நிற்க வேண்டும், என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பாதித் திருச்சி கார் கண்ணாடியை இறக்கி 'சந்தனராஜ் சார், எப்படி இருக்கீங்க' என்று கேட்கும். இந்த அறை போதும். ஆனால் அறைக்குள்ளேயே குரல் தாமதமாகத் தொடங்கிவிட்டது. கட்டத்தைத் தொட்டால் சின்ன வட்டம் ஒன்று சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். மரியசூசை அண்ணன் பார்க்க வந்தபோது 'உட்காருங்க' என்பதைத் தொட்டேன். அவராகவே உட்கார்ந்தார், மகன் வீட்டுப் பிரச்சினையைச் சொன்னார், பிலோ காபி கொடுத்தாள், குடித்தார், எழுந்து செருப்பை மாட்டும்போது என் குரல் பெட்டியிலிருந்து 'உட்காருங்க' என்றது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், தோள் மட்டும் குலுங்கியது, சத்தம் வரவில்லை, எனக்கு வராது. அவர் போன பிறகு வெகுநேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றாமல் இருக்கும்போதும் சுற்றுவதுபோல் இருந்தது.

"சப்பையா, கையகலத்துல ஒரு பொட்டி இருக்கும் பாருங்க, அதுதான் எஸ்எஸ்டி, உங்க பேச்செல்லாம் இருக்குற டிரைவ். அதுலேர்ந்து ஒரு ஒயர் போர்டுக்குப் போகுதா?" ஒரு தட்டு. "அத ரெண்டு பக்கமும் புடுங்கிட்டு, நான் அனுப்புன புது ஒயர போடுங்க. இழுக்காதீங்கப்பா, அந்தச் சின்னக் கிளிப்ப அமுக்கிட்டு எடுங்க." நான் கிளிப்பைத் தேடுகிறேன். இந்த ஒரு வாரமாக இதே வேலைதான். வைரஸ் பார்க்கிற மென்பொருள் டிரைவைப் போட்டு உருட்டுகிறதோ என்று அதை நிறுத்திப் பார்த்தாள், தேறவில்லை. இடம் நிறைந்துபோயிருக்கும் என்றாள், ஞானஸ்நான வீடியோ, கல்யாண வீடியோ என்று கிடந்ததையெல்லாம் அழித்தோம், அழிக்கும்போது யார் யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள், அதிலும் தேறவில்லை. தானாகவே அப்டேட் ஆகிறதா, சூடாகிறதா, ஒவ்வொன்றாக. டாக்டரம்மாவும் இப்படித்தான் தொடங்கினார். முதலில் சளி என்றார், பிறகு கத்திக் கத்திப் பேசுவதால் என்றார், பிறகு ஒரு குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்துவிட்டு, வீட்டம்மாவையும் உள்ளே கூப்பிடுங்கள் என்றார். ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று தள்ளிக்கொண்டு வரும்போது மனதுக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது, தள்ளத் தள்ள மிச்சம் இருப்பது எது என்று யோசிக்காதவரை. ஒயர் வந்துவிட்டது. இந்த வேலைக்குப் பிரேக் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் மாருதி காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் நான் மிதிக்க, அந்தத் தைரியத்தில்தான் அத்தனை வருஷம் பஸ் ஸ்டாண்டு நெரிசலிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புது ஒயரைச் செருகுகிறேன். கிளிக். அந்தப் பக்கம் கிளிக். கை காலியாகிவிட்டது, காலியான கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், போகாதே என்று சொல்வதற்குள் போய்விட்டது. இடது காதுக்குக் கீழே, தாடை எலும்பு முடிகிற இடத்தில். இருக்கிறது. புளியங்கொட்டை அளவுக்கு. அழுத்தினால் நகரவில்லை. போன வாரம் ஷேவ் செய்யும்போது பிளேடு அங்கே ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கியது, அவ்வளவுதான் தெரியும், அன்றிலிருந்து கை ஓயாமல் அங்கே போய்விட்டு வருகிறது, இன்றைக்கு இருக்காது என்று போகிறது, இருக்கிறது என்று திரும்பி வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை. கொசு கடித்திருக்கும். பல்லில் ஏதாவது இருக்கும். அடுத்த செக்கப்புக்குத்தான் தேதி இருக்கிறதே, அவர்களே பார்த்துச் சொல்லட்டும். "மாட்டிட்டீங்களாப்பா?" என்று செலின் கேட்கிறாள். எதைக் கேட்கிறாள்? ஒயரை. ஒயரைத்தான். ஒரு தட்டு.

கம்ப்யூட்டர் உயிர் வந்து எழுந்தது. செலின் ஓசூரிலிருந்தே என் திரையைப் பார்க்கிறாள், அம்புக்குறி என் கை படாமலே நகர்கிறது, ஆவி வந்ததுபோல் இருக்கும், முதல் தடவை பிலோ சிலுவை போட்டுக்கொண்டாள். அம்பு 'மழை வரும்போல' என்ற கட்டத்துக்குப் போய் அழுத்தியது. வட்டம் சுற்றியது. நானும் செலினும், இடையில் அத்தனை மைல் தூரமும், காத்திருந்தோம். வெளியே வெயில் தகித்துக்கொண்டிருந்தது, பொன்மலைப் பக்கமிருந்து ஒரு ரயில் என்ஜின் கூவி ஓய்ந்தது. அதன்பிறகுதான் என் குரல் மழை வரும் என்றது. "ஒயர் இல்ல" என்றாள் செலின். குரலில் சலிப்பு. ஏதேதோ திறந்தாள், கோடுகள் ஏறி இறங்கின, ஒரு பெரிய ஃபைலைப் புதிதாக உள்ளே எழுதி அதைத் திறந்தாள், கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. இன்னொன்றை எழுதினாள், அதுவும். பிறகு பழையதைத் தொட்டாள், வட்டம். மறுபடி புதியது, உடனே. மறுபடி பழையது, வட்டம். அடுக்களையில் பிலோ கரண்டியைக் கீழே போட்டாள், சத்தம் கேட்டு என் உடம்பு துள்ளியது. "அப்பா, பிடிச்சுட்டேன்" என்றாள் செலின். "புதுசா எழுதுனதெல்லாம் சரியா வருது. அப்ப ரெக்கார்டு பண்ணி அப்படியே விட்டுட்டோம் பாருங்க, அது மட்டும்தான் மெதுவா வருது. இதுக்குள்ள எல்லாம் கரன்ட் சார்ஜாதான்பா இருக்கும். வருஷக்கணக்குல திருப்பி எழுதாம கெடந்தா அது கொஞ்சம் கொஞ்சமா மங்கிப்போயிரும். மங்குனத படிக்க முடியாம அது திரும்பத் திரும்ப படிச்சுப் பாக்குது, அதான் லேட்டு." தினம் கேட்கிறோமே, கேட்டால் கூடவா மங்கும் என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அந்தக் கேள்விக்குத் தட்டு இல்லை. அவளே புரிந்துகொண்டாள், "கேட்டா பத்தாதுப்பா, புதுசா எழுதணும்" என்றாள். "எல்லாத்தையும் வெளிய வேற டிரைவ்ல எடுத்துட்டு, மறுபடி உள்ள எழுதுனா சரியாயிரும். ஆனா எடுக்கும்போது எது வரும் எது வராதுன்னு சொல்ல முடியாது. என்கிட்ட இருந்த காப்பி பழைய ஆபீஸ் லேப்டாப்போட போயிருச்சு. ஆரம்பிக்கவா?" ஆரம்பிக்காவிட்டால் என்ன, மெதுவாக வரட்டும், மெதுவாகவாவது வருகிறதே. தொட்டுப் பார்க்காதவரை எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, யாரும் எதையும் இழக்கவில்லை. டாக்டரம்மா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்காதவரை எனக்கு ஒன்றுமில்லை. விரலை மடக்கினேன். விரல் மேஜைக்கு மேலே நின்றது. "அப்பா? இருக்கீங்களா?" ஒரு தட்டு. இருக்கிறேன் என்றுதான் தட்டினேன். ஆரம்பிக்கலாம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஃபைல்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின. பெயர்கள் ஓடின, எல்லாம் நான் சொன்னவை. அண்ணன் வந்துட்டாரா. காத்தாடிய நிறுத்து. வலிக்கல. வலிக்குது. வலிக்கல என்பதைத்தான் அதிகம் தொட்டிருக்கிறேன், மற்றதைத் தொட்டதே இல்லை. செலின் கல்யாணத்துக்கு வந்ததற்கு நன்றி என்று ஒன்று, அவள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு அதற்கும் வேலையில்லை. சீட் பெல்ட் போட்டுக்கங்க என்று ஒன்று, அதை ஏன் பதிந்தோம், அறைக்குள் யாருக்கு சீட் பெல்ட், அவள் விளையாட்டுக்குக் கேட்டாள், நான் சொன்னேன். பச்சைக் கோடு நகர்ந்தது, தயங்கியது, நகர்ந்தது. தயங்கும்போதெல்லாம் என் மூச்சு நின்றது, நின்று பிறகு கழுத்துத் துணிக்குள் உஸ் என்று வந்தது. செலின் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தாள், ஆபீஸ் கேன்டீன் சாம்பாரைப் பற்றி, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைப் பற்றி, அவளுக்கும் பயம். பயந்தால் அவள் பேசுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓரிடத்தில் கோடு நின்றுவிட்டது. பெரிய ஃபைல். பெயர் இல்லை, தேதி மட்டும்தான். "இது எதுப்பா?" என்றாள், பிறகு அவளே, "ஓ" என்றாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆபரேஷனுக்கு அட்மிட் ஆவதற்கு முந்தின சாயங்காலம். மைக்கை நிறுத்த மறந்துவிட்டோம். சாப்பிட உட்கார்ந்துவிட்டோம் மூன்று பேரும் இந்த அறையிலேயே, பிலோ நெத்திலிக் கருவாடு வறுத்திருந்தாள், உப்பு கரித்தது, நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை, பிலோ பதிலுக்கு ஏதோ சொன்னாள், மூன்று பேரும் சிரித்தோம், நான் புரையேறி இருமி மறுபடி சிரித்தேன். முடிந்த பிறகுதான் செலின் மைக்கைப் பார்த்தாள், அழிக்கவா என்றாள், இருக்கட்டும் என்றேன். அதற்குப்பின் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. இன்றைக்கு வேண்டாம், அப்புறம் கேட்கலாம், மனசு தேறட்டும் என்று வைத்திருந்தேன். தண்ணி வேணும் என்று சொன்னோம், மழை வரும்போல என்று சொன்னோம், சிரிப்பைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் சிரித்தால் எப்படி இருக்கும் என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது. வட்டம் சுற்றியது. செலின் பேச்சை நிறுத்திவிட்டாள். டிரைவ் சத்தம் போடாது, அதற்குள் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு அது மூச்சு வாங்குவதுபோல் கேட்டது. திரையில் ஒரு பெட்டி வந்தது. படிக்க முடியவில்லை என்றது. மறுபடி முயன்றாள். மறுபடியும். வேறு ஏதோ மென்பொருளை இறக்கி அதை வைத்து முயன்றாள், நடுவில் திரை அப்படியே உறைந்துபோய்ப் பிறகு மீண்டது. "அப்பா" என்றாள். "இதுலயே முட்டிக்கிட்டு இருந்தா டிரைவ் மொத்தமா படுத்துரும்போல. இன்னும் பாதிக்கு மேல எடுக்கணும். இத விட்டுட்டு மத்தத எடுக்கவா? நீங்க சொல்லுங்க." நீங்க சொல்லுங்க. நான் எதைச் சொல்வது, எதைக் கொண்டு சொல்வது. என்ன சொன்னேன் அன்றைக்கு? கருவாட்டைப் பற்றித்தான் ஏதோ. கடல்ல இருந்த உப்பெல்லாம் என்று தொடங்கினேனா, இல்லை அது வேறொரு நாளா? பிலோவிடம் கேட்டால் அவளுக்கு நினைவிருக்குமா? நினைவிருந்தாலும் அவள் சொல்வது அவள் குரலில்தான் இருக்கும். மேஜையின் ஓரம் கைக்குச் சொரசொரப்பாக இருந்தது. ஒரு தட்டு தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன், கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டுவிட்டது.

மற்றதெல்லாம் வந்துவிட்டது. வெளியே எடுத்து, உள்ளே மறுபடி எழுதி முடித்து, செலின் ஒரு கட்டத்தைத் தொட்டாள், தொட்ட மாத்திரத்தில் 'மாத்திரை சாப்பிட்டாச்சு' என்றது என் குரல், வட்டம் வரவே இல்லை. இத்தனை வேகமாக நான் வாயால் பேசிய காலத்திலும் பேசியதில்லை. அவள் சிரிக்க முயன்றாள். பிறகு குரல் தணிந்தது. "இது திடீர்னு வந்திருக்காதுப்பா. லேசா லேட்டாக ஆரம்பிச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. எப்பலேர்ந்து?" நான் தட்டவில்லை. ஈஸ்டருக்கு முன்பிருந்தே. அப்போது வட்டம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும், கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது, இதைப் போய் அவளிடம் சொல்லி அவளை அலைக்கழிப்பானேன் என்று விட்டுவிட்டேன். "அப்பவே சொல்லியிருந்தா அதையும் எடுத்திருக்கலாம்பா" என்றாள், சொன்ன உடனே, "சரி விடுங்க, விடுங்கப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க, மத்ததெல்லாம் வந்துருச்சுல்ல" என்று அவசரமாக மூடினாள். ஆபீஸ் மீட்டிங் இருக்கிறது, ராத்திரி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். போனின் வெளிச்சம் அணைந்தது. அப்பவே சொல்லியிருந்தா. அப்பவே. நான் கேபினட்டின் தகட்டை எடுத்தேன், பொருத்துவதற்குப் பதிலாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தகடு தொடையில் சில்லென்று இருந்தது. கை போயிற்று. இருக்கிறது. போன வாரம் இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டதா, இல்லை தொட்டுத் தொட்டு வீங்கிவிட்டதா? அடுத்த செக்கப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்று நேற்றுவரை நினைத்த அதே வாக்கியம் பாதி வந்து நின்றது. மீதி வரவில்லை. எதிரே திரையில் என் வாக்கியங்கள் கட்டம் கட்டமாக, இப்போது எதைத் தொட்டாலும் உடனே பேசும். எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தேன், மேலிருந்து கீழே. இதைச் சொல்ல அவற்றில் ஒன்றும் இல்லை. இப்படி ஒன்று வரும் என்று நினைத்து யார் பதிவு செய்வார்கள். தகட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தேன். அடுக்களைக்கு நடந்தேன்.

பிலோ அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சட்டியில் ஏதோ கொதித்தது, மீன்தான், வால் தெரிந்தது. என் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பாமலே, "சரியாயிருச்சாங்க? பேசுச்சே, கேட்டுச்சே எனக்கு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் போய் நின்றேன். "என்ன, பசிக்குதா? இந்தா ஆச்சு" என்று திரும்பினாள், என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். அவள் வலது கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது, மஞ்சள் படிந்திருந்தது, முந்தானையில் துடைக்கப் பார்த்தாள், விடவில்லை. அந்தக் கையை எடுத்து என் இடது காதுக்குக் கீழே வைத்தேன். அவள் விரல்கள் முதலில் ஒன்றும் அறியாமல் சும்மா கிடந்தன. பிறகு நின்றன. பிறகு ஒரு விரல் மட்டும் மெல்ல நகர்ந்து, அதைச் சுற்றி வந்து, அதன் மேலேயே நின்றது. அவள் அழுவாள், கத்துவாள், ஏன் சொல்லவில்லை என்று என் நெஞ்சில் குத்துவாள் என்று நினைத்து உடம்பை இறுக்கி வைத்துக்கொண்டேன். "கண்ணாடி முன்னாடி போய் போய் நின்னீங்களே, இதுக்குத்தானா" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "ராவெல்லாம் கை கழுத்துலயே கெடந்துச்சு. பாத்துக்கிட்டுதான் படுத்திருந்தேன்" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல், துணி கட்டிய துளையைப் பார்த்துக்கொண்டு. "கேட்டா ஆமான்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டு நானும் கேக்கல." சட்டியில் குழம்பு பொங்கி வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. இடது கையை மட்டும் நீட்டி அடுப்பை அணைத்தாள். "சட்டைய மாத்துங்க. டாக்டரம்மா சாயந்திரம் வரைக்கும் இருப்பாங்க. பழைய ஸ்கேனெல்லாம் நான் எடுத்துக்கறேன்" என்றாள். சொன்னாளே தவிர நகரவில்லை, நானும் நகரவில்லை. அவள் விரல் அங்கேயே இருந்தது, ஒரு வாரமாக நான் மட்டும் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில்.